ஆச்சி வீட்டுக் கம்ப்யூட்டர்: ஃபார்மட்டா, ரேமா, எஸ்எஸ்டியா, புதுசா?

பள்ளத்தூரில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சி, கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத்தான் வாணலியில் எண்ணெய் ஊற்றுவார். எண்ணெய் காய்ந்து, முதல் ஈடு தேன்குழலை எடுத்த பிறகுதான் திரையில் எக்செல் திறக்கும். சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் என்று வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறார். ஆர்டர் பட்டியல், விலாச லேபிள், சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோ பேச்சு எல்லாமே இந்த ஒரு பெட்டியில்தான். 2013-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க் (எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் சுழல் தட்டு). விண்டோஸ் 7-ஆகப் பிறந்து 10-ஆக வளர்ந்தது.

ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஸ்விட்ச் போட்டதிலிருந்து எக்செல் திறக்க 7 நிமிடம் 40 விநாடி.

ஆச்சி வாய்விட்டுச் சொன்னதும் நாலு பேர் நாலு வழி சொன்னார்கள். காரைக்குடியில் ஒரு கடைக்காரர், "மதர்போர்டே பழசு ஆச்சி, புதுசு வாங்கிடுங்க" என்றார். அடுத்த தெருப் பையன், "ஃபார்மட் அடிச்சா பறக்கும்." அதாவது டிஸ்கில் இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. மகன் போனில், "ரேம் போடச் சொல்லுங்க." அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அத்தை மகன், கேள்வி முடிவதற்குள் "லினக்ஸ்" என்றான். விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச இயங்குதளம் அது. நாலுமே தப்பான வழி இல்லை. ஆனால் நாலு பேரில் ஒருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

எதற்காகக் காத்திருக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெட்டி எழுந்த கையோடு, வேறு எதையும் திறக்காமல் இதைப் பார்க்க வேண்டும். ஆச்சி வீட்டில் சிபியு (பிராசஸர்) 12 சதவீதம், மெமரி (ரேம்) 60, டிஸ்க் 100. பத்து நிமிடம் ஆகியும் டிஸ்க் நூறிலிருந்து இறங்கவில்லை. மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் ஓடி ஓடிக் களைக்கிறது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. ரேம் போதாமல் போனால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய்க் கொட்டும். அப்போதும் டிஸ்க் நூறுதான் காட்டும். அதனால்தான் எதையும் திறக்காமல் பார்ப்பது. மெமரி பாதிக்குச் சற்று மேலே நிற்கும்போதே டிஸ்க் நூறு என்றால் குற்றவாளி டிஸ்க்தான். மெமரி தொண்ணூறைத் தாண்டிய பிறகு டிஸ்க் நூறு என்றால் ரேமைச் சந்தேகிக்கலாம். சிபியு மட்டும் நூறில் நின்றால் ஒரே பெட்டியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கிறதா பாருங்கள். வைரஸும் இருக்கலாம்.

இன்னொன்று, நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கே உரியது. ரவுட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் பின்கட்டில், நடுவில் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) செங்கல், சுண்ணாம்புச் சுவர்களும். வைஃபை அங்கே போய்ச் சேருவதற்குள் சோர்ந்துவிடும். கணினியில் இருக்கும் கோப்பு சட்டென்று திறந்து, இணையப் பக்கம் மட்டும் ஊர்ந்தால் பெட்டியில் காசைப் போடாதீர்கள், லேன் வயர் இழுங்கள். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகும். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையும் இருக்கும் வீட்டுக்கும் அது பெரும்பாலும் போதும்.

தூசி தட்டுவதும் ஃபார்மட்டும்

ஆச்சியின் பெட்டி இருப்பது அடுப்படியை ஒட்டிய அறையில். மூடியைக் கழற்றினால் பிராசஸரின் சூட்டை உறிஞ்சும் ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் அரிசி மாவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. வெறும் தூசியை புளோயர் ஊதித் தள்ளும். இதைச் சுரண்டத்தான் வேண்டியிருந்தது. ஃபேனைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் துடைத்து, காய்ந்து போயிருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிது வைத்தேன். சும்மா இருக்கும்போதே 71 டிகிரி காட்டிய பிராசஸர் 45-க்கு இறங்கியது. நூறை நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மகனோடு பேசும்போது கால் மணி நேரத்தில் படம் உறைந்துபோனதற்கு அதுதான் காரணம், அது அன்றோடு தீர்ந்தது. ஆனால் பூட் ஆகும் நேரம்? 7 நிமிடம் 10 விநாடி. அரை நிமிடம்தான் மிச்சம்.

போகிற போக்கில் ஒன்று. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றது. பழைய வீடு, அந்த அறைக்கு எர்த் இழுக்கவே இல்லை. எர்த் இல்லாத பிளக்கில் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சப்ளைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கேபினெட்டுக்குக் கசியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகுதான் மற்ற வேலை.

ஃபார்மட் அடிப்பவர்கள் சொல்லாத ஒரு விஷயம்: அதில் கிடைக்கும் வேகத்தில் பெரும்பங்கு ஃபார்மட் அடிக்காமலே கிடைக்கும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தில் பதினோரு புரோகிராம்கள் வரிசையில் நின்றன. பிரிண்டருடையதும் ஆன்டிவைரஸும் போக மற்றதை நிறுத்தினேன். 5 நிமிடம் 30 விநாடி ஆனது, காசு செலவில்லை. ஃபார்மட் அடித்திருந்தால் இன்னும் ஒரு நிமிடம் குறைந்திருக்கலாம், அப்டேட்டுகள் வந்து சேரச் சேர அதுவும் கரைந்திருக்கும். போதாததற்கு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு, லேபிள் பிரிண்டர் டிரைவர், பழைய ஆர்டர்கள் எல்லாவற்றையும் தேடித் தேடித் திரும்பப் போட வேண்டும். "டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்" என்ற பேச்சை நம்பிப் பிள்ளைகளின் கல்யாணப் போட்டோவைத் தொலைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு வீடு.

இந்த வீட்டில் ஃபார்மட் கூடவே கூடாது என்பதற்கு வேறு காரணமும் கிடைத்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஹார்டு டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் வந்தால் நலம். இங்கே மஞ்சள், 'கரன்ட் பென்டிங் செக்டார்' வரிசையில் 24. படிக்க முடியாமல் திணறும் இடங்கள் அவை. சாகக் கிடக்கிற டிஸ்கை ஃபார்மட் அடித்து என்ன பயன்? அன்று ராத்திரியே ஆர்டர் பட்டியலையும் போட்டோக்களையும் ஒரு பென் டிரைவிலும் மகனின் கூகுள் டிரைவிலும் ஏற்றினோம்.

ரேமா, எஸ்எஸ்டியா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்குக்குப் பதில் மாட்டும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க்.

ஹார்டு டிஸ்க் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. வேண்டிய இடம் படிக்கும் ஊசிக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். ஊசி நகர இன்னொரு 8, 9 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை விநாடிக்கு எண்பது தடவை தொட்டால் அதுவே பெரிது. விண்டோஸ் எழும்போது தொட வேண்டியதோ ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு தடவை தொடுவது மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

"உங்க போர்டு சாட்டா 2 தான், எஸ்எஸ்டி போட்டாலும் வேகம் வராது" என்று கடையில் சொன்னது பாதி உண்மை. சாட்டா என்பது டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் வழி. சாட்டா 2-இல் விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது, எஸ்எஸ்டியின் 500-க்கு மேற்பட்ட வேகம் அங்கே வீண். ஆனால் நாம் வாங்குவது அந்த வேகத்தை அல்ல, காத்திருக்காமல் இருப்பதை. நான் போட்டது சாதாரண 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புப் பக்கம்) டிஸ்க் ஏஹெச்சிஐ முறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே ஏற்றினேன். பழுதான டிஸ்கை அப்படியே குளோன் எடுக்கப் போனால் பாதியில் நிற்கும் ஆபத்து உண்டு. முன்பே ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10-இன் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்கை மாற்றினாலும் தானே திரும்ப வந்தது.

எக்செல் திறக்க 41 விநாடி. ஆச்சி எண்ணெய்த் தூக்கைக் கையில் எடுத்தபடி திரையைப் பார்த்தார். "என்ன தம்பி, நேத்து அணைக்கவே இல்லையா?"

ரேம் அப்புறம்தான் போட்டேன். டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம் 4 ஜிபியில் ஒன்று, மொத்தம் 8. பூட் ஆகும் நேரத்தில் மாற்றமே இல்லை. வீடியோவில் மகனோடு பேசிக்கொண்டே எக்செலுக்கும் பிரவுசருக்கும் மாறும்போது மட்டும் முன்பிருந்த தயக்கம் போயிற்று. வாங்கும் முன் கணினியில் 32 பிட் விண்டோஸா 64 பிட்டா என்று பாருங்கள். பழைய 4 ஜிபி பெட்டிகளில் 32 பிட் ஏற்றி வைத்திருப்பார்கள். அதில் எவ்வளவு ரேம் சேர்த்தாலும் 4 ஜிபிக்கு மேல் தெரியாது. காசு கரைவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் என்றால் எஸ்எஸ்டி, யோசிக்கவே வேண்டாம். வேகம் மட்டும் காரணமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பீர்கள். இடித்த வீட்டுத் தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் அங்கே விலை உண்டு, சுவரில் பூசிய சுண்ணாம்புக்கு இல்லை. எஸ்எஸ்டி தூண். நாளை இந்த மதர்போர்டு போனாலும் கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். டிடிஆர்3 ரேம் பூச்சு, புதிய போர்டு எதிலும் நுழையாது. போர்டில் கெபாசிட்டர் என்ற சின்ன உருளைகளின் தலை உப்பியிருந்தால் ரேமுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கணினியில் தேதி தினமும் பின்னால் போனால் மட்டும் பயம் வேண்டாம். அது சிஆர்2032 பட்டன் செல், மாற்றினால் முடிந்தது.

லினக்ஸ் கேள்வி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது, மூன்றாம் தலைமுறை ஐ3-க்கு முறைப்படி வழியில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தரேன் என்பவர்கள் இருக்கிறார்கள். வியாபாரம் ஓடும் பெட்டியில் நான் செய்ய மாட்டேன்.

ஆக அத்தை மகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமிலேயே நிம்மதியாக ஓடும், 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 விசைப்பலகை சேர்த்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருக் கோப்பைப் போட்டால் பழைய லேபிள்கள் லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளிலும் சரியாகவே தெரிந்தன. முரண்டு பிடித்தது லேபிள் பிரிண்டர், அதற்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை. டேலியில் கணக்கு எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் ஹார்டு டிஸ்கை மாற்றாமல் லினக்ஸ் மட்டும் போட்டால் விண்டோஸைவிடக் கொஞ்சம் குறைவாகக் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். இதை அவனிடம் சொன்னேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் சொன்ன புதுசு

புதுசு வாங்குவதாக இருந்தாலும் நான் பார்ப்பது கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த ஆபீஸ் பெட்டிகளைத்தான். எட்டாம் தலைமுறை ஐ5 இருந்தால் ஆறு கோர், விண்டோஸ் 11-உம் ஏறும். ஆனால் ஒல்லிக் கேபினெட் மாடல்களில் எஸ்எம்பிஎஸ்-இன் அளவும் பிளக்கும் அந்தந்த கம்பெனிக்கென்று தனி. போய்விட்டால் நம் ஊர்க் கடையில் மாற்று இருக்காது, வரவழைக்கும் வரை பலகார ஆர்டர் காகிதத்தில்தான். இடம் அடைத்தாலும் பெரிய கேபினெட்டே நல்லது. கடைக்காரர் காட்டிய புத்தம் புதிய பெட்டியின் விலை, நாங்கள் செய்த மொத்தச் செலவைப்போல் ஏழு மடங்குக்கு மேல். எக்செலும் வீடியோ பேச்சும் தவிர வேறு வேலை இல்லாத இடத்தில் அது தேவையே இல்லை.

இப்போதைக்கு அந்த எஸ்எஸ்டியில் இரண்டும் இருக்கிறது. லேபிள் அடிக்க மட்டும் விண்டோஸ், அதற்கு நெட் கிடையாது. மகனோடு பேசவும் மற்றதற்கும் மின்ட். எழும்போது எது வேண்டும் என்று கேட்கும், ஆச்சிக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. மஞ்சள் டிஸ்க் பரணில் கிடக்கிறது. அதில் எதையும் ஏற்ற வேண்டாம் என்று மேலே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரை அடுப்படிப் பக்கத்திலிருந்து வளவுக்கு மாற்றலாம் என்று மட்டும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அங்க வச்சா அடுப்பை யாரு பார்ப்பா?" என்று கேட்டுவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் பிரஷோடு போகிறேன். திரும்பும்போது ஒரு பொட்டலம் சீடை கையில் இருக்கும்.