பிரேக் லைன் வாங்குபவர்கள் கவனம், எனக்கு 4,700 போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருக்கும். வீட்டிலேயே பிரேக் லைன் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

காரின் பின்சக்கரத்துக்குப் போகும் லைன், அதாவது பிரேக் எண்ணெய் போகும் சின்னக் குழாய், துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. உதிரிபாகம் விற்கும் ஒரு இணையதளத்தில் தாமிர நிக்கல் லைன், வளைத்து முனை அடித்தது, அப்படியே மாட்டலாம் என்று போட்டிருந்தார்கள். விலை 4,700. நான் சும்மா வாங்கிவிடவில்லை. சேசிஸ் எண் கொடுத்தேன், பழைய லைனைக் கழற்றி முனையைத் துடைத்துக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பினேன், டபுள் ஃபிளேர் (குழாய் முனையை விரித்திருக்கும் ஒரு வகை) தானே என்று சாட்டில் கேட்டேன். "அதே பீஸ்தான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பார்சல் வந்தது. செம்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. முனையிலிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் பபிள் ஃபிளேர், வேறு வகை முனை! எனக்கு வேண்டியது உள்ளே மடித்துப் புனலாக விரிந்த முனை, இது குமிழாக உருண்டிருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக உட்காராது. சந்தேகப்பட்டுக் காந்தத்தை வைத்தேன், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. தாமிர நிக்கலில் காந்தம் ஒட்டாது. அரத்தால் லேசாகத் தேய்த்ததுமே செம்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது.

கேட்டால், "நல்லா இறுக்குங்க சார், தானா உட்கார்ந்துடும்." முடியாது என்றேன். அப்படியானால் முனையை வெட்டிவிட்டு, பழைய துண்டோடு கம்ப்ரெஷன் ஜாயின்ட் (நட்டை இறுக்கிக் குழாயைக் கவ்வும் இணைப்பு) போட்டு இணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்! பிரேக்கை ஓங்கி மிதித்தால் அந்தக் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும், அதைத் தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற மாதிரி ஒட்டச் சொல்கிற ஆட்கள் பிரேக் சாமான் விற்கிறார்கள். மனுஷன் உயிர் சார் அது. அப்புறம் வீடியோ அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன். மூடியைக் கழற்றிய சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை என்றார்கள். மூடியைக் கழற்றாமல் முனையை எப்படிப் பார்ப்பது? இணையதளத்தில் புகார் கொடுத்தால் விற்பனையாளரிடம் பேசுங்கள் என்றார்கள், விற்பனையாளரோ தளத்திடம் பேசுங்கள் என்றார். கடைசியில் என் புகாருக்குப் பக்கத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? என் 4,700 அவர்களிடம், வண்டி ஸ்டாண்டு மேல்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. என்ன உலோகம், என்ன ஃபிளேர், நட்டின் மரை எது என்று மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், சாட்டில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பார்சலைப் பிரிப்பதையே வீடியோ எடுங்கள். காந்தம் வையுங்கள். எம்10 (10 மிமீ மரை) நட்டும் 3/8 அங்குல நட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கையால் சுலபமாக ஏறாவிட்டால் ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். சுத்தச் செம்புக் குழாய் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதிர்வில் விரிசல் விடும். 4,700 கேட்டு 'வளைத்து முனை அடித்தது, அப்படியே மாட்டலாம்' என்று விளம்பரம் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.