நாய்ப் பயிற்சிக்கு எந்தத் தீனி: கடைப் பொட்டலமா, கறிக்கடைக் கோழியா?

சென்னைக் கடைகளில் நாய்களுக்கான ட்ரீட் என்று அடுக்கிவைத்திருக்கும் பொட்டலங்களில் பெரும்பாலானவை ஆசைக்குக் கொடுக்கலாமே தவிர, பயிற்சிக்கு உதவுபவை அல்ல. பல வகைகளை வாங்கியும் வீட்டில் சமைத்தும் எங்கள் நாட்டு நாய்க்குக் கொடுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பயிற்சித் தீனி மென்மையாகவும், பட்டாணி அளவுக்கு மேற்படாததாகவும், மணம் மிக்கதாகவும் இருக்க வேண்டும். நாய் சொன்னதைச் செய்த மறுநொடியே அதன் வாய்க்குப் போய், மெல்லும் வேலையின்றி உள்ளே இறங்கிவிட வேண்டும். சற்றே தாமதமானாலும், உட்கார்ந்ததற்காகக் கிடைத்த தீனியை எழுந்து நின்றதற்காகக் கிடைத்ததாக நாய் எடுத்துக்கொள்ளும்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பவை எலும்பு வடிவ பிஸ்கட்டுகள். கடித்ததும் அவை நொறுங்கித் தரையெங்கும் சிதறுகின்றன. நாயோ தரைக்கல் இடுக்குகளில் கிடக்கும் துகள்களை ஒவ்வொன்றாக நக்கியெடுத்து முடிக்கும்வரை நம் முகத்தைப் பார்ப்பதே இல்லை. டீக்கடைப் பொறைக்கும் இதே குறை உண்டு. தெருநாய்களுக்குப் பொறை வாங்கிப் போடும் நல்ல மனங்கள் இந்த ஊரில் ஏராளம், அது தொடரட்டும். ஆனால் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டத்தை ஒரே அமர்வில் திரும்பத் திரும்பக் கொடுப்பது முறையல்ல. யாக் பாலில் செய்யும் கெட்டியான சுர்பிக் கட்டிகள் நெடுநேரம் கடிப்பதற்கென்றே உருவானவை; வீட்டில் தனித்திருக்கும் நாய்க்குப் பொழுது போகும், பயிற்சிக்கு அவற்றால் பயனில்லை.

கடைச் சரக்கில் பயிற்சிக்கு ஓரளவு ஒத்துவருபவை ஜெர்ஹை போன்ற மென்மையான கோழி இறைச்சிக் குச்சிகள்தாம். கையாலேயே சிறு சிறு துண்டுகளாகக் கிள்ளலாம், வாசனையும் இருக்கிறது, சட்டைப்பையிலும் வைத்துக்கொள்ளலாம். இவ்வகைப் பண்டம் எதுவாயினும், வாங்குமுன் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிடுவது நல்லது: பட்டியலில் இறைச்சி முதலில் நிற்கிறதா, மாவு முதலில் நிற்கிறதா, சர்க்கரையும் உப்பும் உண்டா, எங்கே தயாரானது என்பவை அங்கே இருக்கும். உலர்த்திய கோழிக்கறித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் வந்ததை அடுத்து, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2007இல் நாய் வளர்ப்போரை எச்சரித்ததை நினைத்தால், இந்தக் கவனம் மிகையாகத் தோன்றாது. நம் ஊர் ஈரக்காற்றில், பிரித்த பொட்டலத்தை இறுக மூடாவிட்டால் எளிதில் பூசணம் பிடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாகச் சொல்வது, தெருமுனைக் கறிக்கடையில் கிடைக்கும் எலும்பில்லாத நெஞ்சுக்கறியைத்தான். கால் கிலோ வாங்கி, உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவுமின்றி வெறும் தண்ணீரில் வேகவைத்து, நன்றாக ஆறிய பின் கத்தியால் சிறு சதுரங்களாக நறுக்க வேண்டும். சூட்டோடு பிய்த்தால் நார்நாராகப் போய், எடுத்துக் கொடுப்பதற்குள் விரலில் சுற்றிக்கொள்ளும். நறுக்கியதை அன்றாடத் தேவைக்கேற்பப் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிட்டு, வேண்டியபோது ஒரு பங்கை மட்டும் எடுத்தால் வீணாவதில்லை. வெளியே எடுத்துச் சென்று மீந்ததை, இந்த வெயிலில், மறுநாளைக்கென்று வைக்கவே கூடாது.

அதைவிடச் சிறந்தது கோழி ஈரல். விலையும் குறைவு, மணமும் அதிகம். வெந்த ஈரல் மாவுபோல் கையில் ஒட்டும் என்பதுதான் சிக்கல். அதற்கு நான் கண்ட வழி, வேகவைத்துச் சிறிதாக நறுக்கியதைத் தோசைக்கல்லில் எண்ணெயின்றிச் சிறு தீயில் ஈரம் வற்றும்வரை புரட்டுவது. ஓரங்கள் கருத்து இறுகிவிடும், உள்ளே மென்மை மாறாது, பையிலும் ஒட்டாது. ஆனால் ஈரலில் உயிர்ச்சத்து ஏ மிகுதி. நாள்தோறும் நிறையக் கொடுத்தால் அது உடலில் சேர்ந்து தீங்கு செய்யும். எனவே ஈரலைச் சிறப்புத் தீனியாக மட்டுமே வைத்திருக்க வேண்டும்.

கடற்கரை ஊரான நமக்கு வாய்த்த இன்னொரு நல்ல பண்டம் நெத்திலிக் கருவாடு. காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வாங்கும்போது உப்புப் போடாமல் காய்ந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும்; உப்புப் போட்டது மட்டுமே கிடைத்தால், ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, கொதிக்கவைத்து வடித்த பிறகும் சிறிதளவே கொடுக்கலாம். பெசன்ட் நகர் கடற்கரையில் நண்டு வளையும், சுண்டல் வண்டியும், பிற நாய்களும் ஒருசேர இழுக்கும் இடத்தில், “வா” என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் நாயைத் திரும்பிவரச் செய்தது இந்த நெத்திலிதான். அதே இடத்தில் பிஸ்கட்டை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதிலிருந்து தெரிவது, தீனிகளுக்குள் ஒரு தரவரிசை வேண்டும் என்பது. வீட்டுக்கூடத்தில் ஏற்கெனவே பழகிய “உட்கார்” என்பதற்குப் பொட்டுக்கடலையோ நறுக்கிய கேரட்டோ போதும்; புதிய பாடத்துக்குக் கோழிக்கறி; தெருவிலும் கடற்கரையிலும் அழைத்தால் வருவதற்கு ஈரலும் நெத்திலியும். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வெடிச்சத்தப் பதிவை மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு துண்டு கொடுத்துப் பழக்குவோரும் இந்த உயர்ந்த வகையையே கையில் எடுக்க வேண்டும். எது உயர்ந்தது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. இரண்டு உள்ளங்கைகளில் இரண்டு தீனிகளை மூடி நீட்டினால், எந்தக் கையை நாய் விடாமல் முட்டுகிறது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இறைச்சி சமைக்காத வீடுகளும் இங்கே பல உள்ளன. அவர்களுக்கு உப்பில்லாத பன்னீரும், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நல்ல மாற்று. பன்னீரில் கொழுப்பு அதிகமாதலால் அளவாகத் தர வேண்டும், பால் ஒத்துக்கொள்ளாத நாயென்றால் தவிர்க்கவும் வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் தீனியிலிருந்து போகக் கூடாது என்பது கால்நடை ஊட்டச்சத்து வல்லுநர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை என்று கொண்டால், தீனிக்குக் கிடைப்பது 60 கலோரி. அது வேகவைத்த நெஞ்சுக்கறியில் சுமார் 35 கிராம். கொஞ்சமாகத் தோன்றும் இந்த அளவை அரை கிராம் துண்டுகளாக நறுக்கினால் 70 துண்டுகள் கிடைக்கும், ஒரு நாள் பயிற்சிக்கு அது தாராளம். நாய் எண்ணிக்கைக்கு மகிழ்வதே தவிர, துண்டின் பருமனுக்கு அல்ல.

திராட்சையும் உலர் திராட்சையும், சாக்லேட்டும், வெங்காயமும் பூண்டும், சர்க்கரையில்லாதவை என்று விற்கும் சில நிலக்கடலை வெண்ணெய்களில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டியும் நாய்க்கு நஞ்சு. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் திராட்சையைக் குழந்தைகள் அன்போடு ஊட்டிவிடுவதுண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது அவசியம். கோழிக்கறியே ஒவ்வாத நாய்களும் உண்டு. விடாமல் சொறிந்துகொண்டோ அடிக்கடி வயிறு கெட்டோ இருந்தால், 1903 முதல் இயங்கிவரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, வழக்கமான மருத்துவரிடமோ காட்டிய பிறகே தீனியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைப் பொட்டலம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூர்ப் பயணத்துக்கும், சமைக்க முடியாத நாளுக்கும் மென்மையான குச்சி ஒரு சிறிய பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். பெரிய பொட்டலம் மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்க வேண்டாம், இந்த ஊர்க் காற்றில் அது தீருவதற்குள் கெட்டுவிடும்.