சிறிய துறைமுகப் பங்கும் அதன் போட்டியாளர்களும்: வாங்குவதற்கு முன் ஓர் ஒப்பீடு

இந்தியாவில் துறைமுகம், சரக்குப் போக்குவரத்து ஆகிய துறைகளில் பணம் போட நினைக்கும் சிறு முதலீட்டாளருக்கு முன்னால் நான்கு வகைப் பங்குகள் இருக்கின்றன. அதானி போர்ட்ஸ், ஜேஎஸ்டபிள்யூ இன்ஃப்ராஸ்ட்ரக்சர் போலப் பல துறைமுகங்களை நடத்தும் பெரிய நிறுவனங்கள் முதல் வகை. குஜராத் பிபாவாவ் போல ஒரே துறைமுகத்தைக் கடன் சுமையில்லாமல் நடத்துபவை இரண்டாவது வகை. கன்டெய்னர் கார்ப்பரேஷன், நவ்கார் போலத் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை ஏற்றி இறக்கி, சேமித்து, ரயிலிலும் லாரியிலும் அனுப்புபவை மூன்றாவது. ஒரு சிறிய துறைமுகத்தையோ ஒற்றை முனையத்தையோ கடன் வாங்கிக் கட்டி, ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களின் சரக்கை நம்பி நிற்கும் நிறுவனங்கள் நான்காவது. பங்கு விலை குறைவாகத் தெரிவதாலும், "அடுத்த முந்த்ரா இதுதான்" என்று, குஜராத்தில் அதானி நடத்தும் பெரிய துறைமுகத்தோடு ஒப்பிடும் பேச்சு வேகமாகப் பரவுவதாலும், இந்த நான்காவது வகைதான் புதிதாக வருபவர்களை அதிகம் ஈர்க்கிறது. சரக்கு யாருடையது, கடன் எவ்வளவு, வருமானம் தடைப்பட்டால் வரிசையின் கடைசியில் நிற்பவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான சமயங்களில் அந்த நான்காவது வகை தேறுவதில்லை என்பதே என் முடிவு.

துறைமுகப் பங்கை வாங்குபவர் நிலத்தையும் கப்பல் தளத்தையும் வாங்குவதாக நினைத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் அவர் வாங்குவது காலவரையறை கொண்ட ஓர் உரிமையை. மாநில அரசுகளின் கீழ் வரும் துறைமுகங்களை, குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் இருப்பதுபோன்ற கடல்சார் வாரியங்கள், பெரும்பாலும் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாருக்குக் கொடுக்கின்றன. மத்திய அரசின் பெருந்துறைமுகங்களுக்குள் ஒரு முனையத்தைக் கட்டி நடத்துபவர், வருமானத்தில் ஒரு பங்கையோ டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தையோ துறைமுக ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு சரக்கைக் கையாள்வேன் என்ற உறுதிமொழியும் பல ஒப்பந்தங்களில் சேர்ந்தே வரும். காலம் முடிந்ததும் சொத்து, ஒப்பந்தத்தில் சொல்லியபடி, அரசின் பக்கம் திரும்பிவிடும். ஆகவே புத்தக மதிப்புக்கு, அதாவது கணக்குப் புத்தகத்தில் கடன் போகப் பங்கொன்றுக்கு வரும் சொத்து மதிப்புக்கு, கீழே கிடைக்கிறது என்பதற்காகத் துறைமுகப் பங்கை மலிவு என்று சொல்லிவிட முடியாது. மீதமுள்ள ஆண்டுகளில் அந்த உரிமை எவ்வளவு பணம் ஈட்டித் தரும் என்பதுதான் அதன் மதிப்பு.

சிறிய துறைமுகத்தின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு துறைமுகம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாள்கிறது, டன்னுக்கு 250 ரூபாய் பெறுகிறது என்றால் வருமானம் 125 கோடி. அரசுக்கான பங்கு, எரிபொருள், கூலி என்று டன்னோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு 75 ரூபாய் வீதம் 37.5 கோடி. தூர்வாருதல், ஊழியர் சம்பளம், பராமரிப்பு ஆகியவை சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் 35 கோடி. கடன் 350 கோடி, வட்டி 10 சதவீதம் என்றால் இன்னொரு 35 கோடி. மிச்சம் 17.5 கோடி. வரியும் அசல் தவணையும் அதிலிருந்துதான் போக வேண்டும். இப்போது சரக்கு 20 சதவீதம் குறைந்து 40 லட்சம் டன் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் 100 கோடி, மாறும் செலவு 30 கோடி, நிலைச் செலவு 35, வட்டி 35. கையில் நிற்பது பூஜ்யம். ஐந்தில் ஒரு பங்கு சரக்கு போனதற்கு, பங்குதாரருக்குரியது முழுவதும் போய்விட்டது. அசலைத் திருப்பிக் கட்டவும் வழியில்லை. அதே துறைமுகம் கடனில்லாமல் இருந்திருந்தால் 52.5 கோடி 35 கோடியாகக் குறைந்திருக்கும். வருத்தம்தான், ஆனால் நிறுவனம் நிற்கும்.

இருபது சதவீதச் சரிவு அபூர்வமானதும் அல்ல. ஒற்றைச் சரக்கை நம்பிய முனையத்தில் அது நூறு சதவீதமாகவும் ஆகலாம். எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்தில் சிக்கால் குழுமம் இரும்புத் தாது ஏற்றுமதிக்கென்றே ஒரு முனையத்தைக் கட்டியது. கர்நாடகத்துச் சுரங்கங்களின் தாதுதான் அதற்கு ஆதாரம். 2010 ஜூலையில் கர்நாடக அரசு தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. மறு ஆண்டு சுரங்க வேலையையே உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கட்டி முடித்த முனையம் சரக்கில்லாமல் நின்றது. அதை நிலக்கரிக்கு மாற்றித் தரும் ஒப்புதல் கிடைக்கவே ஆண்டுகள் ஓடின. துறைமுகத்தை நடத்துபவர் செய்த தவறு என்று இதில் எதையும் சுட்ட முடியாது. வேறொரு மாநிலத்தில் எடுக்கப்பட்ட முடிவு, எண்ணூரில் போட்ட முதலீட்டை முடக்கியது.

காரைக்கால் துறைமுகம் இன்னொரு பாடம். சென்னையைச் சேர்ந்த மார்க் நிறுவனம் புதுச்சேரி அரசின் உரிமத்தில் கட்டி, 2009இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம் அது. 14 மீட்டர் ஆழம், உள்ளே வரும் ரயில் பாதை, உள்நாட்டுச் சிமென்ட் ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் வேண்டிய நிலக்கரி என்று எல்லாம் இருந்தும் கடன் அழுத்தியது. இறுதியில் திவால் நடவடிக்கைக்குப் போய், 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி போர்ட்ஸ் கைக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் திகி துறைமுகமும் இதே வழியில், 2021இல் 705 கோடிக்கு அதே நிறுவனத்திடம் சேர்ந்தது. இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, துறைமுகம் அழியவில்லை என்பதுதான். கப்பல் தளம் அதே இடத்தில் இருக்கிறது, கப்பல் வருகிறது, சரக்கு இறங்குகிறது. முதலில் பணம் போட்டவர்களின் உரிமைதான் இல்லாமல் போனது. "இந்தியாவுக்குத் துறைமுகங்கள் தேவை, ஆகவே இந்தப் பங்கு உயரும்" என்ற வாதத்தில் இருக்கும் ஓட்டை இது. துறைமுகத்தின் எதிர்காலமும் பங்குதாரரின் எதிர்காலமும் ஒன்றல்ல.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் பணம் பங்கிடும் வரிசை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நடவடிக்கைக்கான செலவு, தொழிலாளர் நிலுவை, பிணையுள்ள கடன், பிணையில்லாக் கடன், அரசு நிலுவை என்று இறங்கிவந்து சாதாரணப் பங்குதாரர் கடைசியில் நிற்கிறார். அவர்வரை எதுவும் வந்து சேர்வது அரிது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த சிக்கால் லாஜிஸ்டிக்ஸ் 2021 மார்ச்சில் திவால் நடவடிக்கைக்குள் போய்ப் புதிய உரிமையாளரிடம் சேர்ந்தபோது, பழைய பங்குதாரர்களின் பங்குகள் வெகுவாகச் சுருக்கப்பட்டன. 1955இல் தொடங்கி, தென்னிந்தியத் துறைமுகங்களில் பெயர் பெற்றிருந்த நிறுவனம் அது. பழமையும் பெயரும் அங்கே பங்குதாரருக்குக் கைகொடுக்கவில்லை.

பெரிய நிறுவனத்தின் ஆபத்து வேறு மாதிரியானது. 2023 ஜனவரி இறுதியில் அதானி குழுமத்தின் மேல் குற்றம் சாட்டி அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஹிண்டன்பர்க்கின் அறிக்கை வெளியானதும் அதானி போர்ட்ஸ் பங்கு சில வர்த்தக நாள்களில் ஏறக்குறைய பாதி விலைக்கு இறங்கியது. ஆனால் முந்த்ராவுக்கு வரும் கப்பல்கள் நின்றுவிடவில்லை. அந்த நிதியாண்டில் நிறுவனம் கையாண்ட சரக்கு முந்தைய ஆண்டைவிட அதிகம். 2023 டிசம்பர் முடிவதற்குள் பங்கு விலை பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. அதாவது இங்கே ஆபத்து பெரும்பாலும் விலையிலும் குழுமத்தின் நிர்வாகம் பற்றிய கேள்விகளிலும் இருக்கிறது. அந்தக் கேள்விகளை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ஒரு கரையில் நிலக்கரி குறைந்தால் இன்னொரு கரையில் கன்டெய்னர் ஈடுகட்டும் அமைப்பு, பொறுத்திருக்கக்கூடியவருக்குக் காலத்தைத் தருகிறது. சிறிய துறைமுகம் அந்தக் காலத்தைத் தருவதில்லை, ஏனென்றால் தவணைத் தேதி காத்திருக்காது. ஜேஎஸ்டபிள்யூ இன்ஃப்ரா 2023இல் பங்கொன்று 119 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. சொந்தக் குழுமத்தின் எஃகு ஆலைகளே பெரிய வாடிக்கையாளர் என்பது அதன் பலம். வெளியார் சரக்கின் பங்கு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எனக்கு அதிகம் பிடித்த ஒப்பீடு பிபாவாவ். அளவில் அது பெரியதல்ல, ஒரே துறைமுகம்தான், குஜராத்தின் கடற்கரையில் புயலையும் நேரடியாக எதிர்கொள்கிறது. 2021 மே மாதத்தின் டவ்தே புயல் அதன் மின் இணைப்பைக் குலைத்துச் சில நாள்கள் வேலையை நிறுத்தியது. ஆனாலும் அது தாங்கியது, ஏனென்றால் வட்டி கட்ட வேண்டிய பெருங்கடன் இல்லை. உலகளவில் முனையங்களை நடத்தும் ஏபிஎம் டெர்மினல்ஸ் பின்னால் இருக்கிறது. லாபத்தின் பெரும்பகுதியை ஈவுத்தொகையாகக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. சிறிய துறைமுகம் என்றாலே ஆபத்து என்பதற்கு எதிர்ச் சாட்சியாக இதைத்தான் காட்டுவேன். இதிலும் ஒரு முள் உண்டு: குஜராத் கடல்சார் வாரியத்துடனான அதன் ஒப்பந்தம் 2028 செப்டம்பரில் முடிகிறது. நீட்டிப்பு எந்த நிபந்தனையில், எவ்வளவு அரசுக் கட்டணத்தில், எவ்வளவு புதிய முதலீட்டுக் கடப்பாட்டோடு வருகிறது என்பதைப் பொறுத்தே இன்றைய விலை நியாயமா என்று சொல்ல முடியும். ஈவுத்தொகை விகிதத்தை மட்டும் பார்த்து அதை வாங்குபவர், முடியப்போகும் குத்தகையின் வாடகையைக் கணக்கிடுகிறார்.

மூன்றாவது வகையில் கடன் குறைவு, ஒப்பந்தக் கெடுவும் அவ்வளவு இறுக்கமில்லை. ஆனால் அரசின் ஒரு சுற்றறிக்கை தொழிலின் வடிவத்தையே மாற்றிவிடும். மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா துறைமுகத்தில் இறக்குமதியாளர் தன் கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்தே நேரடியாக எடுத்துச்செல்லும் முறை பரவலானபோது, அதுவரை வெளியே உள்ள சரக்கு நிலையங்களில் நாள்கணக்கில் தங்கி வாடகை கொடுத்துவந்த கன்டெய்னர்கள் குறைந்தன. நவ்கார் நிறுவனம் 2015இல் பங்கொன்று 155 ரூபாய்க்கு வெளியீடு செய்தது. 2024இல் அதன் நிறுவனர்கள் தங்கள் சுமார் 70 சதவீதப் பங்கை ஜேஎஸ்டபிள்யூ இன்ஃப்ராவுக்கு 95.61 ரூபாய் வீதம் விற்றார்கள். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தவருக்குக் கிடைத்த விலையின் அளவுகோல் அது. கன்டெய்னர் கார்ப்பரேஷனிலும் இப்படித்தான்: ரயில்வே நிலத்துக்கான உரிமக் கட்டணம் நிலத்தின் சந்தை மதிப்பில் 6 சதவீதமா, அதைவிடக் குறைவா என்ற ஒரே கேள்வி நெடுநாள் பங்கின் மேல் தொங்கியது. 2022இல் மத்திய அமைச்சரவை சரக்கு முனையங்களுக்கு 1.5 சதவீதம் என்று தீர்மானித்தது. இந்த வகையில் பணம் மெதுவாகத் தேயலாம். ஒரே இரவில் பூஜ்யமாவது அரிது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சிறிய, ஆபத்தான நிறுவனத்தில் பணம் போட விரும்பினால், எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வது என் கடமை. தொழில் சார்ந்த அழகான விளக்கப்படங்களை விட்டுவிட்டு ஆண்டறிக்கையின் பின்பகுதிக்குப் போக வேண்டும். வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளரைப் பற்றிக் கணக்கியல் விதிப்படி குறிப்பு இருக்க வேண்டும். ஒரே வாடிக்கையாளர் பாதிக்கு மேல் தருகிறார் என்றால், நீங்கள் வாங்குவது அந்த வாடிக்கையாளரின் விருப்பத்தைத்தான். வரவேண்டிய தொகையில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பது எவ்வளவு என்ற பட்டியல் அதே பகுதியில் இருக்கும். தணிக்கையாளர் அறிக்கையில், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றி ஒரு தனிப் பத்தி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து, கிரிசில், இக்ரா, கேர் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அந்த நிறுவனத்தின் கடனுக்குக் கொடுத்த மதிப்பீட்டு விளக்கத்தை எவரும் இலவசமாகப் படிக்கலாம். "ஒத்துழைக்காத நிறுவனம்" என்ற முத்திரை அதில் இருந்தால், கடன் கொடுத்தவரின் மதிப்பீட்டாளரிடமே கணக்கைக் காட்ட அவர்கள் தயாராக இல்லை என்று பொருள். சிறு பங்குதாரருக்கு மட்டும் எப்படிக் காட்டுவார்கள்? நிறுவனர்கள் தங்கள் பங்கில் எத்தனை சதவீதத்தை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பது காலாண்டுப் பங்குடைமை விவரத்தில் வருகிறது. சரக்கு வளராமல், வாரன்ட்டும் (பின்னால் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை), தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் ஒதுக்கும் புதிய பங்கும் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டால், உங்கள் பங்கின் அளவு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டு வருகிறது.

இந்தச் சோதனைகளில் தேறும் சிறிய நிறுவனம் எது என்றால், பெரும்பாலும் துறைமுகத்தையே சொந்தமாகக் கட்டாமல் கிரேன், கிடங்கு, லாரி, சுங்க ஏஜென்சி வேலை ஆகியவற்றைப் பல துறைமுகங்களில் செய்யும் நிறுவனமாகத்தான் இருக்கும். லாபம் மெல்லியது, ஆனால் ஒரு துறைமுகத்தில் வேலை குறைந்தால் இயந்திரத்தை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடியும், அலைத்தடுப்புச் சுவரைக் கொண்டுபோக முடியாது. 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் ஒடிசாவின் கோபால்பூர் துறைமுகத்தைச் சிதைத்தபோது இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பது தெரிந்தது.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று பங்குச் சந்தைகள் நடத்தும் எஸ்எம்இ தளத்தில் புதிதாக வரும் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கவே இப்போது 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும்; விற்கும்போதும் லாட் (குறித்த எண்ணிக்கைப் பங்குகளின் தொகுப்பு) கணக்கில்தான் விற்க முடியும். கெட்ட செய்தி வரும் நாளில் இத்தகைய பங்குகள் லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலையில், பூட்டிக்கொள்ளும், வாங்க ஆளில்லாமல் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே இறங்கும். அதனால் அந்தப் பங்கு நாள்தோறும் சராசரியாக எவ்வளவு கைமாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான் வைத்திருக்கப்போவதைச் சாதாரண நாள்களில் ஒரு வாரத்துக்குள் விலையைக் குலைக்காமல் விற்க முடியுமா என்று கணக்கிட்ட பிறகே எத்தனை பங்கு வாங்குவது என்று முடிவு செய்வேன். அந்தக் கணக்கு சரிவராத இடத்தில், சிறிய நிறுவனத்துக்கென்று ஒதுக்கிய பணத்தையும் பிபாவாவ் போன்ற கடனற்ற ஒன்றிலேயே போடுவேன்.