முடக்கத்தான் களிம்பு: 14 மாதம் பூசிய பிறகு

"அண்ணே, அந்தக் களிம்பு விலை இறங்கிருச்சாமே, வாங்கலாமா?" என்று தோட்டத்தில் கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். அவன் கணுக்காலிலும் என்னைப் போலவே செதிள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் நாள் முழுக்க ரப்பர் சப்பாத்துக்குள் கால் வியர்த்து ஊறும். கிளினிக்கில் எக்ஸிமா என்றார்கள், அம்மா கரப்பான் என்பார். சாயங்காலம் கறுப்புக் காலுறையை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். அதைவிட ராத்திரி அரிப்புதான் கொடுமை. 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து சீப்பால் சொறிந்திருக்கிறேன்.

களிம்பு பூசிப் பத்து நாள் இருக்கும். "ராத்திரி சொறியிற சத்தமே கேக்கலையே" என்றாள் மனைவி. அந்தத் தூக்கத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். செதிள் மட்டும் முழுசாகப் போகவில்லை.

டியூபில் கார்டியோஸ்பெர்மம் என்று போட்டிருந்தது. மகள் தேடிப் பார்த்து, "அப்பா, இது நம்ம முடக்கத்தான்" என்றாள். மூட்டு வலிக்கு அம்மா தோசை சுடுவாரே, வீட்டு வேலியில் படர்ந்திருக்கிறதே, அதே கொடி! பலூன் போன்ற காயை உடைத்தால் மிளகு அளவில் கறுப்பு விதை, அதன்மேல் வெள்ளையாக ஓர் இதயம். கார்டியோஸ்பெர்மம் என்ற பெயருக்கே இதய விதை என்றுதான் அர்த்தமாம். இது ஹோமியோபதி மருந்து என்றாலும் பலமுறை நீர்த்த சர்க்கரை உருண்டை இல்லை. என் டியூபில் 100 கிராமுக்கு 10 கிராம் தாய்த்திரவம், அதாவது செடியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு. அரிப்பை அடக்குவது அந்தச் சாறா, தோலைக் காயவிடாத களிம்புப் பசையா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கோபம் வேறு விஷயத்தில். முதல் டியூபை விற்றவர், "கிளினிக் மருந்தை அடியோடு நிறுத்துங்க. முதல்ல கூடும், அப்புறம் குறையும்" என்றார். நம்பினேன். தோல் வெடித்து, நீர் வடிந்து, சீழ் பிடித்து 6 நாள் கூலி போனது. 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மறுபடி அரசாங்க கிளினிக்கில் உட்கார்ந்தபோது, ஸ்டீராய்டு களிம்பைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு இப்படித் திரும்பும் என்று டாக்டர் விளக்கினார். களிம்பின் குற்றமில்லை, தெரியும். இருந்தாலும் டியூபைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆள் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது.

இப்போது சிவந்து தடித்தால் டாக்டர் சொன்ன நாளுக்கு அவர் மருந்து, மற்ற நாளில் குளித்ததும் இந்தக் களிம்பு. வாங்குகிறவர்கள் பெட்டியில் MAL என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஸ்டிக்கரையும் பாருங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெயரில்லாத டப்பாவில் வரும் 'மூலிகை' களிம்பு சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள்.

தம்பி, நீ வாங்காதே. முதலில் கிளினிக்குக்குப் போய், அது எக்ஸிமாவா சொரியாசிஸா என்று காட்டு. நான் நேற்று ஈப்போ போன இடத்தில் பத்தாவது டியூபை வாங்கிவிட்டேன். எனக்கு ராத்திரி தூங்க வேண்டும்.