மஞ்சப்பை, மூன்று வருடம் தூக்கிய பிறகு: எல்லாம் சரி, அந்தக் காது மட்டும்தான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஸ்டாப்பை ஒட்டி, என் மஞ்சப்பையின் ஒரு காது அறுந்தது. உள்ளே இரண்டு கிலோ தக்காளி, ஒரு கிலோ சின்ன வெங்காயம், கத்தரிக்காய், இரண்டு தேங்காய். அதில் ஒரு தேங்காய் உருண்டுபோய், நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியில் சரியாக நடுவில் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பக்கமிருந்து கையை விட்டாலும் எட்டவில்லை. காய்க்கார அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அப்பவே கவர்ல போட்டுத் தரேன்னேன்ல சார்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. நடுத்தெருவில் மண்டியிட்டுக்கொண்டு என்ன பதில் சொல்வது?

அன்று சாயங்காலமே நண்பன் ஒருவன் போன் செய்தான். “நீதான் ரொம்ப நாளா துணிப்பை வச்சிருக்கியே, வாங்கலாமாடா?” அவன் கேட்ட நேரம் சரியில்லை. ஆனாலும் முடிந்தவரை நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது கோயம்பேட்டில் பத்து ரூபாய் நாணயம் போட்டு இயந்திரத்தில் எடுக்கும் பை அல்ல. அதைவிடக் கொஞ்சம் பெரியது, கனமான பருத்தித் துணி. வீட்டுப் பக்கத்துக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். தைத்தவர் பெயர், ஊர் எதுவும் பையில் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் மார்க்கெட், மழையோ வெயிலோ. முதல் சலவையில் சாயம் இறங்கி என் வெள்ளைப் பனியன் ஒன்று சந்தன நிறமானது. அது என் தப்பு, தனியாக ஊற வைத்திருக்க வேண்டும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கீரையில் கிடைத்தது. கவரில் கட்டி வாங்கி வரும் அரைக்கீரை ராத்திரிக்குள் வேர்த்து, மறுநாள் காலை அடியில் இருப்பதெல்லாம் கொழகொழவென்று ஆகியிருக்கும். இந்தப் பையை நனைத்துப் பிழிந்து, கீரையை அதிலேயே சுற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் படுத்தால், காலையில் பறித்த மாதிரியே இருக்கிறது. கொத்தமல்லியும் அப்படித்தான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒருநாள் ஃபிரிட்ஜில் இடமில்லாமல் அப்படியே மாட்டிவிட்டுத் தூங்கிப்போனதில் தெரிந்தது. இதற்காகவே பையை மன்னித்துவிடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஈரச் சாமான்களுக்கு இது ஆகாது. மாவுக்குத் தூக்கு, மீனுக்கு எவர்சில்வர் டப்பா. அதைப் பெரிய குறையாக நான் சொல்ல மாட்டேன்.

குறை காதில்தான். வாங்கிய ஆறாவது மாதம் ஒருமுறை அறுந்தது, வீட்டிலேயே தைத்தேன். இப்போது அடுத்த பக்கம். அறுந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். துணி கிழியவே இல்லை. மூன்று வருடத்துக்குப் பிறகும் கெட்டியாக இருக்கிறது. காதை மடித்து வைத்து, குறுக்கே ஒரே ஒரு வரித் தையல். அவ்வளவுதான். சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஓட்டு ஓட்டியிருந்தால் அரை நிமிஷம் கூட ஆகியிருக்குமா? ஐந்து கிலோ தாங்கும் துணியை வாங்கி, அதை இரண்டு கிலோ தாங்கும் நூலில் மாட்டிவைத்திருக்கிறார்கள்.

நூலுக்காகவா இவ்வளவு கோபம் என்றால், ஆமாம். துணிப்பை சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்ற கேள்வியே அந்த நூலில்தான் தொங்குகிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. பருத்தியை விளைவித்து, நெய்து, பையாக்குவதில் ஆகும் பாதிப்பைக் கணக்குப் போட்டு, ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக அதை எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்று பார்த்தார்கள். புவி வெப்பமாதலை மட்டும் எடுத்துக்கொண்டால் 52 முறை. ஓசோன் படலத்துக்கு ஆகும் பாதிப்பு உட்பட எல்லாவற்றிலும் ஈடுகட்ட வேண்டுமானால் 7,100 முறை. என் பை முதல் கணக்கை நான்கே மாதத்தில் தாண்டிவிட்டது. இரண்டாவதைத் தாண்ட, இதே வேகத்தில் போனால், நான் தொண்ணூறு வயதுவரை இதைத் தூக்கிக்கொண்டு கீரை வாங்க வேண்டும்.

தெருவில் பறந்து மழைநீர் வடிகாலை அடைக்கிற கவரை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அது குப்பையோடு எரிந்துவிடும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். இங்கே அது மாட்டின் வயிற்றுக்கோ கூவத்துக்கோ போகிறது. எப்படிப் பார்த்தாலும் பை நீடித்தால்தான் லாபம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காது அறுந்து குப்பைக்குப் போகும் துணிப்பையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

கவர் பற்றியும் ஒரு புலம்பல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கேரி பேக் கூடாது. மத்திய அரசு விதி 120 மைக்ரானுக்குக் குறைந்ததைத்தான் தடுக்கிறது, நம்முடையது இன்னும் கறார். ஆனால் எங்கள் தெருவில் கேட்காமலே கவர் வருகிறது. நான் பையை விரித்துப் பிடித்தாலும், பச்சை மிளகாயை ஒரு குட்டிக் கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, அந்தக் கவரைப் பைக்குள் போடுகிறார்கள். “கலந்துடும் சார்” என்று ஒரு சமாதானம். கலக்கட்டுமே, வீட்டில் பிரித்துக்கொள்கிறேன். இன்னும் சிலர் துணி மாதிரியே இருக்கிற பையை நீட்டுகிறார்கள். நெய்யாமல் அழுத்தி ஒட்டிய அதுவும் பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான், தடைப் பட்டியலில் உள்ள 14 பொருள்களில் அதுவும் ஒன்று. கொஞ்ச நாள் வெயில் பட்டால் தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிரும்.

மஞ்சப்பை தூக்கி வந்தால் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலத்தில் காலேஜ் படித்தவன் நான். ஊரிலிருந்து வரும்போது அம்மா முறுக்கு வைத்துக் கொடுத்த பையை பஸ்ஸிலேயே ஏர்பேக்குக்குள் திணித்து ஒளித்திருக்கிறேன். அந்தப் பைக்குக் காது அறுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை டெய்லரிடம் கொண்டுபோனேன். முதலில் சிரித்தார்.

“நாப்பது ரூபா பைக்கு முப்பது ரூபா கூலி சார், பரவால்லயா?”

“பரவால்லண்ணா, தைங்க. இனிமே அறுந்துபோகக் கூடாது.”

கீழே கிடந்த பழைய ஜீன்ஸ் காலிலிருந்து இரண்டு பட்டை வெட்டி, பையின் அடிவரை இறக்கி, பெருக்கல் குறி போட்டு ஓட்டித் தந்தார். மஞ்சள் பைக்கு நீலக் காது, பார்க்க அவலட்சணம்தான். அங்கேயே இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

நண்பனுக்கு ‘வாங்காதே, ஏமாந்துடுவே’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோபம் இன்னும் தீரவில்லை. அப்புறம் திரும்புகிற வழியில் அதே கடையில் இன்னும் இரண்டு பை வாங்கினேன். வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை, நேராக டெய்லரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஜீன்ஸில் இன்னொரு கால் மிச்சம் இருந்தது.