கேட்லியாவின் பாளைக்கு ஒரு தையல் பிரிக்கும் கத்தரி

‘ஆர்க்கிட் டூல் கிட்’ என்று ஒரு ஜிப் பைக்குள் ஆறேழு சாமான் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். நான் பார்த்தபோது விலை 900 ரூபாய். அந்தக் காசுக்குச் செடியே ஒன்று வாங்கிவிடலாம். உங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் சர்ஜிக்கல் கடைக்குப் போய் ‘ஸ்டிச் கட்டிங் சிசர்ஸ்’ என்று கேளுங்கள். நான் கோயம்புத்தூரில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். தியேட்டர் நர்ஸாக இருந்த காலத்திலேயே என்னைத் தெரிந்த கடைக்காரர், “இப்ப எந்த ஆஸ்பத்திரி சிஸ்டர்?” என்றார். “மொட்டை மாடியிலதான் ட்யூட்டி” என்றேன்.

இந்தக் கத்தரியின் ஒரு அலகில், நுனிக்குச் சற்று முன்னால் பிறை மாதிரி ஒரு சின்னக் குழிவு இருக்கும். தோலில் போட்ட தையல் நூலை அந்தக் குழிவில் ஏந்தி வெட்டுவோம். முனை தோலைக் குத்தாது. கேட்லியா என்ற ஆர்க்கிட்டின் பூப்பாளைக்கு, அதாவது மொட்டை மூடியிருக்கும் உறைக்கு, வேண்டியதும் அதேதான்.

கேட்லியாவில் புதுத் தண்டு முற்றி இலை விரிந்ததும், இலையின் அடியில் தட்டையாக ஒரு பச்சைப் பாளை எழும்பும். மொட்டுகள் அதற்குள்ளேதான் வளரும். இருட்டிய பிறகு பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தால் அடியில் நிழலாகத் தெரியும். சில ரகங்களில், முக்கியமாக லேபியாட்டா வகையில், மொட்டு எழும் முன்பே பாளை காய்ந்து பழுப்பாகிவிடும். பூ போச்சு என்று அதை அடியோடு நறுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பாளை சருகானாலும் உள்ளே மொட்டு வரும், பொறுங்கள். இன்னும் சில கலப்பினங்கள் பாளையே இல்லாமல் பூக்கும், அது வேறு கதை.

ஆனால் காய்ந்த பாளையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. உள்ளே வேர்த்து நீர் கோத்தால் மொட்டு கறுத்து அழுகும். பாளை விறைப்பாக இருந்தால் வெளியே வர வழியில்லாமல் மொட்டு மடங்கிக்கொள்ளும். அதனால் மொட்டு பாளையின் பாதிக்கு மேல் ஏறியதும், பாளையின் உச்சி ஓரத்தைக் குழிவில் மாட்டி ஒரு சென்டிமீட்டர் கீறுங்கள். கூர்முனைக் கத்தரியோ பிளேடோ என்றால் அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. இதில் மொட்டின் மேல் முனை படுவதே இல்லை. சில நாள் கழித்து இரண்டு பக்கமும் விரலால் பிரித்து இறக்கிவிடலாம். பாளை பச்சையாக இருந்து, உள்ளே நீரும் இல்லையென்றால் கை வைக்க வேண்டாம்.

இதுவரை புகழ்ச்சி. குறையும் உண்டு. இடக்கைக்காரர்களுக்கு இது சரிப்படாது, அலகுகள் வலக்கைக்கு அமைந்தவை. மலிவு சரக்கில் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துச் சோதிப்பது வீண். நல்ல சர்ஜிக்கல் கத்தரியின் எஃகும் காந்தத்தில் ஒட்டும். கடையிலேயே கொஞ்சம் ஈரப் பஞ்சை நுனியால் வெட்டிப் பாருங்கள். கடித்து இழுத்தால் அடுத்ததைக் கேளுங்கள்.

சுத்தம் செய்வதுதான் பெரிய தலைவலி. ஆர்க்கிட்டில் சிம்பிடியம் மொசைக் வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கத்தரி வழியாகவும் போகும், மருந்தும் கிடையாது. ஸ்பிரிட்டில் துடைப்பதை நம்ப முடியாது. தீயில் காட்டிக் காட்டி எடுத்தால் எஃகின் கூர் போய்விடும்; பிளீச்சிங் கரைசல் அரித்துவிடும். நான் 10 சதவீத ட்ரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் ஊறப்போட்டுக் கழுவுகிறேன், கையுறையோடு. ஒன்று ஊறும்போது இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு கத்தரி வாங்குவது நல்லது.

கூடவே ஐந்து அங்குல வளைந்த மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸும் (நுனி மெலிந்த சின்னக் கவ்வி) வாங்கினேன். அதற்குப் பாதி மார்க்தான். தண்டைச் சுற்றியிருக்கும் காகிதச் சருகுக்கு நகமே போதும்: நடுவில் மேலிருந்து கீழாகக் கிழித்து, பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். மொத்தமாகப் பிடித்து உரித்தால் அடியில் இருக்கும் கண் கூடவே வந்துவிடும். அடுத்த வருஷத்துத் தண்டும் பூவும் அந்தக் கண்ணிலிருந்துதான். அடிவாரத்தில் மிஞ்சும் துணுக்குகளை எடுக்க மட்டும் ஃபோர்செப்ஸ் உதவும். அதன் கைப்பிடியில் இருக்கும் பூட்டைப் போட்டுவிட்டு இழுக்காதீர்கள். பச்சைச் சதை நசுங்கும். சருகு போனதும் கீழே வெள்ளையாகச் செதில் பூச்சி ஒட்டியிருந்தால், பழைய டூத்பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தேய்த்தால் கிளம்பிவிடும்.

பாளையை விட்டு வெளியே வந்த மொட்டுக்கு எந்தக் கருவியும் காவல் இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் மாடியில் விழும்போது, மொட்டு வந்த தொட்டிகளைச் சுவர் ஓரமாக இறக்கிவிடுவேன். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு கட்டினால் நத்தை ஏறாது. பழுக்கிற வாழைத்தாருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் மொட்டு மஞ்சளாகி உதிரும்.

டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் மட்டும் வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கத்தரி வேண்டியதில்லை. அதில் மொட்டு கணுவிலிருந்து நேராக வரும், சருகுக்கு அடியிலேயே கண் இருக்கும். செதில் பூச்சி தெரியாதவரை அந்த வெள்ளைச் சருகு தண்டிலேயே இருக்கட்டும்.