தோள்வலியின் காரணத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிய 42,000 ரூபாய்

கோவையில், விளையாட்டுக் காயங்களுக்கென்றே நடத்துவதாக விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு தனியார் பிசியோதெரபி மையத்திடம் 42,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். திருப்பித் தர முடியாதென்று இன்று காலையில்தான் முடிவாகச் சொன்னார்கள். புகார் கொடுக்கவிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் வாலிபால் ஆடுகிறவன். ஸ்மாஷ் அடிக்கும் வலது தோளின் பின்புறத்தில், இன்ன இடமென்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஆழத்தில், பல மாதங்களாக ஒரு வலி இருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்குவதில் தடையில்லை. ஆனால் சர்வீஸில் வேகம் குறைந்துகொண்டே வந்தது. போன இடத்திலெல்லாம் வலி மாத்திரையும் களிம்பும் ஓய்வும்தான் சொன்னார்கள். இந்த மையத்தின் தலைமை ஆலோசகரோ பிளாஸ்டிக் தோள்மூட்டு மாதிரியை மேசையில் வைத்து, ரோட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளும் இருக்கும் இடத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "மத்தவங்க வலிக்கு வைத்தியம் பார்ப்பாங்க, நாங்க முதல்ல காரணத்தைத்தானுங்க தேடுவோம்" என்றார். மொத்த அமர்வுகளுக்கும் முன்பணம் கட்டிய பிறகு காரணம் தெரியாமல் போனால், மீதி அமர்வுகளுக்கான தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் கண்டிப்பாத் தந்துருவோங்க, நம்பி வாங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மேசையில் உட்கார்ந்தபடியே 42,000 ரூபாயையும் யுபிஐயில் கட்டினேன்.

அதன்பிறகு காரணத்தை யாரும் தேடவில்லை. முதல் நாள் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தோள்முனை எலும்புக்கு அடியில் தசைநாண் உரசுகிறது என்ற பொருளில் "இம்பிஞ்மென்ட்" என்று அட்டையில் எழுதினார்கள். அந்தச் சிக்கலாக இருந்தால் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் வலிப்பது வழக்கம்; எனக்கு அப்படி வலிக்கவில்லை என்று அப்போதே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. கழுத்தைச் சோதிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகுப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வலி குறையவில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் லேசர், கப்பிங், வண்ண நாடா என்று வேறொன்றுக்கு மாற்றினார்களே ஒழிய, முதலில் எழுதிய அந்த ஒரு சொல்லை மறுபரிசீலனை செய்யவே இல்லை.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி எனக்குப் பின்னால் போய் நின்றார். வலது தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே, இடது பக்கத்தில் திரண்டிருக்கும் தசை இல்லாமல், உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அதைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கே காட்டினார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னார். இரண்டு விரலால் அவர் தடுத்ததையே என்னால் மீற முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மூட்டுக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பில் ஏற்பட்ட கிழிசலை ஒட்டி ஒரு நீர்க்கட்டி உருவாகி, அந்தப் பின்தசைக்குப் போகும் நரம்பை நசுக்குவது தெரிந்தது. நரம்புப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது. வாலிபால் ஆடுகிறவர்களுக்கு இந்த நரம்பு பாதிக்கப்படுவது மருத்துவ நூல்களிலேயே இருக்கும் செய்தி. நசுங்கிய நரம்பை விடுவிக்கத் தாமதமானால் சூம்பிய தசை முழுமையாகத் திரும்பாமல் போகலாம் என்று அந்த மருத்துவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. 42,000 ரூபாயோடு என் தோளுக்கு இருந்த அவகாசத்தையும் தின்றுவிட்டார்கள்.

ஸ்கேன் அறிக்கையுடன் மையத்துக்குப் போய் மீதித் தொகையைக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டோங்ணா, வந்துரும்" என்றார். அடுத்த முறை மேலாளர் வெளியூரில் இருந்தார். வாட்ஸ்அப் செய்திகளுக்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. பிறகு, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மீதி அமர்வுகளை அவருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இன்று காலை ரசீதின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். கைகுலுக்கிச் சொன்ன வாக்குறுதியைப் பற்றிக் கேட்டால், அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

விளையாடுகிறவர்கள் தோள்வலிக்கு எங்கே, எப்படிப் போக வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதிருக்கும் மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. சட்டையைக் கழற்றி இரண்டு தோளையும் பின்னாலிருந்து ஒப்பிடாதவர், கழுத்தைத் தொட்டுப் பார்க்காதவர் சொல்லும் காரணத்தை நம்பாதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தசைநாண் தேய்மானம் தெரிவதுண்டு என்பதால், கையால் சோதிக்காமல் ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவு சொல்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு இறுக்கத்தோடு தோள் வலித்தால் பிசியோதெரபிக்குப் போகாதீர்கள், உடனே இதயத்தைப் பரிசோதியுங்கள். மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். திருப்பித் தருவோம் என்று வாயால் சொன்னால் அதை எழுதி வாங்குங்கள், ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். அந்த 42,000 ரூபாய்க்கான என் மனு நாளை அங்கே போகிறது.